சினாரோ வாங்கிய நிலக்கரி

எங்கள் பக்கத்தில் சூளை பெண்ணுடையது, அதில் வேகிறவன் மாப்பிள்ளை. வீடு, வயல், சுண்ணாம்புச் சூளை எல்லாம் தாய்வழிச் சொத்து, காவல் தாய்மாமன். கட்டிக்கொண்டு வந்தவனை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் கிடக்கும் சாம்பல் என்பார்கள். ஒரு காற்று அடித்தால் போச்சு.

பாடாங் பாஞ்சாங் ஊரில் அப்படி ஒரு சாம்பல் திடீரென்று வாய் திறந்து, "விறகு யானை விலை விக்குது, இனிமே சூளைக்கு நிலக்கரி போடலாம்" என்றது. அவன்தான் சினாரோ. மனைவி யுஸ்னிதார் தலையாட்டினாள். அவளுடைய தாய்மாமனும் குலத் தலைவருமான டத்துக் பாசா தலையையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான். லாபம் வந்தால் சம்மதித்ததாகவும், நஷ்டம் வந்தால் எச்சரித்ததாகவும் ஆகிவிடும்.

சினாரோ கரி வாங்க என்னிடம் வந்தான். நான் பாரியாமான் கடற்கரைக்காரன்; அதனால் இங்கே எல்லாருக்கும் நான் 'அஜோ', அதாவது கடற்கரைப் பேச்சில் அண்ணன். மலையில் இருக்கும் சின்னக் குழிகளிலிருந்து கரி எடுத்து வந்து விற்கிறேன். கரி விற்பது பெண்ணுக்கு வரன் பார்ப்பது போன்றது. குறை இல்லாத கரி கிடையாது. எந்தக் குறையை யார் பொறுப்பார்கள் என்று தெரிந்தால் போதும். சாம்பல் அதிகமா, செங்கல்காரனுக்குப் போகும். கந்தகம் இருந்தால் கொல்லன் தொடமாட்டான், இரும்பு விண்டுபோகும்.

எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேரும் ஒரு கைலித் துணிக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்திப் பேசிக்கொள்வார்கள். முடிந்த விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும்; பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக்கூடாது. கரிக்கும் நான் அப்படித்தான் பேரம் பேசுவேன். சினாரோ மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. அவன் பிடித்த பிடியில் என் சுண்டுவிரல் வீங்கியது. நான் விரலை விரித்தால் மடக்குவான், இழுத்தால் அழுத்துவான். கடைசியில் யாருக்கும் கொடுக்காத விலைக்கு இறங்கினேன். ஜெயித்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே லாரி ஏற்றிப் போனான். பேரம் முடியும்வரை என் முகத்தைத்தான் பார்த்தானே தவிர, ஒரு தடவைகூடக் கரியைப் பார்க்கவில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் துணிக்குள் கை விடுவார்கள். கரிக்குப் பல் இல்லையே.

அந்த விலைக்கு என்ன கரி வருமோ அந்தக் கரிதான் போயிற்று.

சூளையில் கல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று போட்டுக் கொளுத்தினான். தெரு முழுக்க அழுகிய முட்டை நாற்றம். வெந்த சுண்ணாம்பைத் தொழுகைக் கூடத்துச் சுவருக்கு அடித்தார்கள். காய்ந்ததும் சுவர் மஞ்சள்காமாலை வந்ததுபோல் திட்டுத்திட்டாக நின்றது. ஊரே டத்துக்கிடம் வந்து துக்கம் விசாரித்தது.

டத்துக், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சினாரோவை விட்டுவிட்டு, யுஸ்னிதாரிடம் பேசினார்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. இன்னும் ஒரு வேக்காடு பார்க்கிறேன். அதுவும் கெட்டா விறகுக்கே போயிடுவோம், சூளையை வேற ஆள் பார்த்துக்குவான். மாப்பிள்ளைக்கு என்ன, ஜகார்த்தாவிலே சட்டை விக்கத் தெரியாதா?"

யுஸ்னிதாரின் அக்கா புருஷன் அப்படித்தான் சட்டை விற்கப் போனான். பெருநாளுக்குச் சட்டை வருகிறது, ஆள் வருவதில்லை. டத்துக் அப்படிப் பேசிய நாளிலிருந்து யுஸ்னிதாருக்குச் சோறு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சினாரோ என் கிடங்குக்கு வந்தான்.

"அஜோ, நீங்க குடுத்தது கரியா, கூமுட்டையா?"

"நீ விரலை மடக்கின அளவுக்கு நாத்தம் வரும், தம்பி."

"நடுவுல பளபளன்னு மின்னுதே, அது என்ன?"

"பித்தளைக் கல்லு. பார்த்தா தங்கம், எரிச்சா கந்தகம். செங்கல்காரன் கண்டுக்கமாட்டான். உன் சுண்ணாம்பு இருக்கே, கந்தகத்தைக் கண்டா விடாம கட்டிப் பிடிச்சுக்கும்."

"அப்ப மாத்திக் குடுங்க."

"மேல் தரம், மேல் விலை. துணியை எடுக்கவா?"

டத்துக் ஒரு காசு தரமாட்டார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். நான் சிரட்டையில் காப்பி இலைக் கஷாயத்தை ஊற்றிக் குடித்தேன். வியாபாரிக்கு இரக்கம் வந்தால் கிடங்கைப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இரண்டொரு நாள் கழித்து அந்த வழியாகப் போனேன். வாய்க்கால் ஓரத்தில் சினாரோ சுத்தியலால் மிச்சமிருந்த கரியைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தான். யுஸ்னிதார், அந்த வீட்டுக்காரி, சூளைக்குச் சொந்தக்காரி, முழங்கைவரை கறுப்போடு உட்கார்ந்து, அரிசியில் கல் அரிப்பதுபோல் பெரிய தாம்பாளத்தில் கரியை அரித்துக்கொண்டிருந்தாள். கனமான பித்தளைக் கல் அடியில் தங்க, லேசான கரியை மேலாக வழித்தெடுத்தாள்.

துணி துவைக்க வந்தவள் ஒருத்தி, "யுஸ்னி, இன்னைக்கு எத்தனை பேருக்குச் சோறு?" என்றாள்.

"உன் வீட்டுக்கும் சேர்த்துத்தான். உன் நாக்கு ரொம்ப வெளுத்திருக்கு, கொஞ்சம் கறுக்கட்டும்."

சினாரோ சிரித்தான். அவள் அவன் மேல் தண்ணீரைத் தெளித்து, "சிரிக்காம உடைங்க உடா. வாங்கும்போது கண்ணு எங்கே போச்சு?" என்றாள். உடா என்றாலும் எங்களில் அண்ணன்தான். புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் சொன்னால் அதில் அண்ணன் இல்லை.

கல்லைக் கழித்ததில் கரி பாதியாகிவிட்டது. சூளைக்குப் பற்றாது.

சந்தை நாள். கிடங்கில் கொல்லனும் செங்கல்காரனும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். யுஸ்னிதார் பித்தளைக் கல் மூட்டைகளை வண்டியில் கொண்டுவந்து என் தராசு முன்னால் இறக்கினாள்.

"அஜோ, கல்லு விக்கிறதா இருந்தா கல்லுன்னே சொல்லி வித்திருக்கலாமே?"

"தங்கச்சி, உள்ளே வாம்மா, பேசிக்கலாம்."

"எதுக்கு உள்ளே? ஆம்பளைங்க நீங்க துணிக்குள்ளே பேசுவீங்க. எனக்கு வாயாலேதான் பேசத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு நீங்க குடுத்த விலையை இவங்க எல்லாருக்கும் சொல்லட்டுமா?"

கொல்லன் காதைத் தீட்டினான். செங்கல்காரன், "சொல்லும்மா, வியாபாரத்துல ஒளிவுமறைவு கூடாது" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன ஒரே தர்மம்.

அந்த விலை வெளியே வந்தால் அத்தனை பேரும் அதே விலையைக் கேட்பார்கள். அப்புறம் நானே ஜகார்த்தாவில் சட்டை விற்கவேண்டியதுதான்.

"என்ன வேணும்?"

"மூட்டைக்கு மூட்டை. கல்லை நீங்க எடுத்துக்குங்க, கொல்லனுக்குக் குடுக்கிற கரியை எனக்குக் குடுங்க."

கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தேன், அழுதுகொண்டு கொடுத்தாலும் அதே எடைதானே.

இரண்டாவது வேக்காட்டுக்கு நானும் போனேன். என் கரிக்கு மானம் இருக்கிறதே. டத்துக் வெந்த கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்தார். புஸ்ஸென்று பொங்கி மல்லிகைப்பூவாக விரிந்தது. நாற்றம் இல்லாமல் இல்லை. கல்லாய்த் தெரியும் கந்தகத்தைப் பொறுக்கலாம், கரியின் ரத்தத்தில் இருப்பதை யார் பொறுக்குவது? தொழுகைக் கூடத்துப் பின்சுவரில் ஒரு முழம் அடித்துவிட்டு, காயும்வரை அங்கேயே உட்கார்ந்தார். எங்கள் ஊரில் மழைக்கு நடுவே சுவர் காய்வது லேசான காரியமில்லை. சினாரோ தன் துணிமணியை ஒரு பையில் கட்டி வாசலில் வைத்திருந்தான்.

நான் அவன் காதோரம் கேட்டேன்: "ஏண்டா, விலையைப் பெண்டாட்டிகிட்ட சொல்லலாமா?"

"சத்தியமா சொல்லலே அஜோ. அவளுக்குத் தெரியவே தெரியாது."

அப்படியானால் அன்று தராசு முன்னால் அவள் மிரட்டியது வெறும் வாயால்தான். இவளை என் கடையில் உட்காரவைத்தால் இந்தோனேசியாவையே விற்றுவிடுவாள்.

சுவர் காய்ந்தது. வெள்ளை. அடியில் மட்டும் ஒரு விரல்கடை மஞ்சள். டத்துக் அதை நகத்தால் சுரண்டினார். பிறகு முதல் தடவையாக, நடுவில் ஆள் வைக்காமல், நேராக அவனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அடுத்த தடவை இன்னும் பொடியா உடைக்கணும்."

சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். சினாரோவுக்கு இருமல்தான் வந்தது. யுஸ்னிதார் பையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் சட்டைக் காலரை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள்.

"இந்த நாத்தத்தை ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய் யார் தலையிலே கட்டப் பார்த்தீங்க உடா? இங்கேயே கிடந்து நாறுங்க."