இறகை எடுத்தவள்

பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேராசிரியர் கீத்லி பன்முகத்தன்மை என்ற சொல்லை விடவில்லை. மொன்டானாவின் ஜூலை வெயிலில், ஆசியாவிலிருந்து வந்த மாணவர்கள் நாங்கள் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். அமெரிக்கப் பண்பாட்டைப் படிக்கிற கோடை வகுப்பு எங்களுடையது. அன்று பவ்வாவ், அதாவது பழங்குடியினர் கூடி ஆடும் விழா. வருஷா வருஷம் போகிற இடம், எல்லாரும் எனக்குப் பழக்கம் என்று அவர் பீற்றிக்கொண்டார். அங்கே எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

என் அறைத்தோழி நிங்ரும் ஜாவாக்காரி. பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் குனிந்துதான் கடப்பாள். யாராவது எதையாவது தவறவிட்டால் முதலில் ஓடி எடுத்துத் தருபவளும் அவள்தான். மலேசியாவிலிருந்து வந்த என்னை அக்கா என்று கூப்பிடுவாள். தன்னால் ஊர்ப் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. அதற்காக அவளை நாங்கள் பாடாய்ப் படுத்துவோம்.

பெரிய மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆண்கள் பாட, வட்டத்தில் ஆட்டம் களைகட்டியது. மைக் பிடித்தவர் எங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆசியாவிலிருந்து பெண்கள் வந்திருக்கிறார்கள், பையன்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஆடவும் என்றார். நிங்ரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான், எங்களுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்த டைரல் என்ற இளைஞனின் தலையிலிருந்து ஒரு கழுகிறகு புல்லில் விழுந்தது. அவன் அப்படியே நின்றான், குனியவில்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள் பாவி. நான் கையைப் பிடிப்பதற்குள் வட்டத்துக்குள் ஓடி, இறகை எடுத்து, தூசி தட்டி, குனிந்து நீட்டினாள்.

மேளம் நின்றது. எல்லாரும் எழுந்து நிற்கவும், தொப்பியைக் கழற்றவும் சொன்னார் மைக் பிடித்தவர். அந்தக் குரலில் கேலி போயிருந்தது. டைரல் கை நீட்டவே இல்லை. அவனுடைய மாமா லெனார்டு, ராணுவத்தில் இருந்தவர், அவளிடம் வந்தார்.

"எடுத்த எடத்துலயே வச்சுடும்மா. விழுந்த இறகு விழுந்த வீரன் மாதிரி. சண்டைக்குப் போய் வந்தவங்கதான் தூக்கணும். இது இவன் அண்ணனோடது. அவன் திரும்பி வரல."

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். முன்னாள் வீரர்கள் அதைச் சுற்றி ஆடினார்கள்; பிறகு லெனார்டு அதை எடுத்து டைரலிடம் கொடுத்தார். அத்தனை பேரும் நின்றபடி இருக்க, எனக்கே உடம்பெல்லாம் கூசியது. பேராசிரியரோ, பண்பாடுகள் சந்தித்தால் இப்படித்தான் என்று பக்கத்திலிருந்த பெண்மணிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நகர்ந்து நின்றார். வெட்கம் என்பதே இல்லாத மனிதர்.

"அக்கா, பஸ்ஸுக்குப் போயிடலாம். என்னால யார் மூஞ்சியையும் பாக்க முடியல," என்றாள் நிங்ரும்.

அதற்குள் டைரலின் அம்மா வட்டத்துக்குள் வந்தார். இறகை எடுத்துக் கொடுத்தவருக்கு, இறகுக்கு உரியவரின் வீட்டார் மரியாதை செய்வது அங்கே வழக்கம். லெனார்டின் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தினார். பிறகு இன்னொரு கம்பளியோடு நேராக எங்களிடம் வந்தார். நிங்ரும் என் பின்னால் ஒளியப் பார்த்தாள். அவர் அவளை முன்னால் இழுத்துப் போர்த்திவிட்டார்.

"நீயும்தானே எடுத்தே," என்றார். "எம்பையனோடது தரையில கெடக்க ஒனக்கு மனசு வரல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த வெயிலில், கம்பளிக்குள், தேம்பித் தேம்பி அழுதாள்.

பேராசிரியர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.