ஐம்பது நிமிஷ தூரம்

"பெட்டியோட கூடப் போறது யாரு?" என்று சரக்குப் பிரிவு ஊழியர் கேட்டபோது, பெட்டியின் மூலையில் பாதி உரிந்திருந்த விலாசச் சீட்டை அவள் விரலால் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க. அக்கா."

அவர் எடையைக் குறித்துக்கொண்டார். கையெழுத்து வாங்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "பத்திரமா ஏத்திடுவோம்மா. நீங்க போய் உக்காருங்க" என்றார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள் ஒரு துணிக்கடையில் வேலையை முடித்துவிட்டுக் கைகழுவப் போனவன், குழாயடியிலேயே சரிந்துவிட்டான். வலிக்கிறது என்று சொல்லக்கூட அவகாசமில்லை. இந்த ஊருக்கு அவன் பிழைக்க வந்து வருஷங்களாயிற்று. பஸ் என்றால் ஓர் இரவு முழுக்க. "ஃபிளைட்ல ஐம்பதே நிமிஷம்க்கா. நீ குக்கரை வச்சு இறக்கறதுக்குள்ள வாசல்ல நிப்பேன்" என்பான், போனில் பேசும்போதெல்லாம். ஏன்டா வரவில்லை என்று கேட்டால், "மேலயும் கீழயும் போயே பழகிட்டேன். பக்கவாட்டுல போறதுதான் வரமாட்டேங்குது" என்று சிரிப்பான். அவளும் சிரிப்பாள். பேசி முடித்தபின் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாள்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் கணவர் அழைத்தார்.

"நான் ஏர்போர்ட்டுக்கு வண்டியோட வந்துட்டேன். சொந்தக்காரங்க எல்லாரும் வீட்ல இருக்காங்க. நீங்க வந்ததும் எடுத்துரலாம்னு சொல்றாங்க."

"வந்ததுமேவா?"

"ஆமா" என்றார் அவர். "சரி" என்றாள்.

விமானம் கிளம்பியது. இன்ஜின் சத்தத்தில் இருக்கை நடுங்கியது. மேலே எழும்பியதும், பக்கத்து இருக்கைக்காரர், மடியில் மருந்துக் கம்பெனிப் பையை வைத்திருந்தவர், ஒரு மிட்டாயை நீட்டினார்.

"தனியாவா போறீங்க?"

"இல்லைங்க. தம்பி வர்றான்."

"பின்னாடி சீட்டா? நான் வேணா மாறிக்கறேனே. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போங்க."

"கீழ இருக்கான்."

அவர் புரியாமல் தரையைப் பார்த்தார். பிறகு புரிந்தது. நீட்டிய கை மெல்ல மடங்கியது.

இறங்கும் நேரத்தில் விமானியின் குரல் வந்தது. காற்று பலமாக இருக்கிறது, அனுமதி கிடைக்கும்வரை மேலேயே வட்டமடிக்க வேண்டும் என்றார். முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"இவ்வளவு கிட்ட வந்துட்டு..." என்று ஆரம்பித்த பக்கத்துக்காரர் அவளைப் பார்த்துத் தயங்கினார். "உங்களுக்காக வேற அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இருக்கட்டுங்க" என்றாள். "மெதுவாவே போகட்டும்."

விமானம் சாய்ந்து திரும்பியது. ஜன்னலில் ஓடுபாதை தெரிந்தது, கம்பிவேலி தெரிந்தது, வேலியோரம், பின்கதவுகளைத் திறந்துவைத்தபடி ஒரு வெள்ளை வண்டி. இறக்கை வந்து அதை மறைத்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதங்களைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.