பத்தாவது மாலை

உஷாராணி பெரிய ஓவியர்தான், யார் இல்லையென்றது? சிங்கப்பூரில் கண்காட்சி, பத்திரிகையில் பேட்டி, இரண்டு விருது. பணக்கார வீட்டுச் சுவருக்கு மயிலும் தாமரையும் வரைந்து கொடுத்திருந்தால் இந்நேரம் பங்களா கட்டியிருப்பாள். அவளோ வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்களின் முகங்களை ஆளுயரத்துக்கு வரைந்துகொண்டிருந்தாள். சாரம் சரிந்து செத்தவர், ஆலை இயந்திரத்தில் மாட்டியவர் என்று ஒன்பது பேர். பத்தாவது ஜெயராஜ்.

ஜெயராஜ் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறினார்கள், அவன் மட்டும் கிடைக்கவில்லை. அன்று முதல் அவன் தாய் தங்கமணி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போட்டோ கேட்டு உஷாராணி கிள்ளானுக்குப் போனபோது தங்கமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"தாராளமா வரைஞ்சுக்கோம்மா. பொட்டு, மாலை மட்டும் வேணாம்லா. எம்புள்ள உசுரோட இருக்கான். இருக்கற புள்ளைக்கு யாராச்சும் அழுவாங்களா?"

"சத்தியமா மாலை இருக்காது ஆன்டி," என்று கையைப் பிடித்துச் சொன்னாள் உஷாராணி. படத்தில் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். ஜெயராஜ் வெறுங்கழுத்தோடு சிரித்தான்.

கண்காட்சி தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில். திறப்பு விழாவுக்கு முதல் நாள் தலைக்கு மேல் வேலை. பூக்கடை நாகையா போனில், "எத்தனை மாலை அக்கா?" என்றார். படம் பத்தாயிற்றே, "பத்துண்ணே" என்றுவிட்டாள். பாவி, ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா!

மறுநாள் நிருபர்களுக்கு அவள் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோதே ஆட்கள் மாலைகளை மாட்டி முடித்துவிட்டார்கள். தங்கமணி புதுச்சேலை கட்டி, எல்லாருக்கும் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்திருந்தாள். நேராக மகன் முன்னால் போய் நின்றாள். அவன் கழுத்திலும் சாமந்தி மாலை.

"எப்பம்மா தகவல் வந்துச்சு?" என்று உஷாராணியைக் கேட்டாள். "எனக்கு யாரும் போன் பண்ணலையே."

உஷாராணி நிருபர்களை விட்டுவிட்டுத் திரும்பினாள். "ஐயோ, தகவல் எதுவும் வரல ஆன்டி! பத்துப் படம்னு பத்து மாலை சொல்லிட்டேன். என் தப்புதான்." ஓடிப்போய் மாலையைப் பிடித்து இழுத்தாள். நார் அறுந்து சாமந்தி தரையெல்லாம் சிதறியது.

"வரலையா?"

"சாமி சத்தியமா வரல."

தங்கமணி தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் கேசரி டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மூன்று வருஷம் அடக்கி வைத்த அழுகை, யார் பிடித்தும் நிற்கவில்லை.

"அழாதீங்க ஆன்டி. ஜெயராஜ் வருவான்," என்று உஷாராணியும் அழுதாள்.

"அழுதுட்டேனே தாயி," என்றாள் தங்கமணி. "எம்புள்ளைக்கு நானே அழுதுட்டேனே."