டிரைவர் முத்துவீரனின் ஈரல்

முத்துவீரன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவனில்லை. அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் அவன்தான். அப்பேர்ப்பட்டவனைக் குடிகாரன் என்று சொல்லி முதலாளி பஸ்ஸை விட்டு இறக்கினால் எப்படி இருக்கும்? இரண்டு நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். தொண்ணூற்று மூன்று சித்திரையில் வலது விலாவுக்குக் கீழே விட்டுவிட்டு வலித்தது. கல்லாக இருக்கும், ஸ்கேன் எடுத்துப் பார் என்றார் டாக்டர். ராஜபாளையத்துக்கு அந்த மெஷின் வந்த புதிது. கல் இல்லை, ஈரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை என்று ரிப்போர்ட் வந்தது. லீவு கேட்கப் போன முத்துவீரன், அந்த ரிப்போர்ட்டைத் தானே கொண்டுபோய் முதலாளி ஐயாதுரையின் மேஜையில் வைத்தான்.

ஐயாதுரைக்கு இருப்பது மூன்றே பஸ். போன வருஷம் ஒரு குடிகார டிரைவர் அதில் ஒன்றைக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டிருந்தான். அவருக்கு அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை.

"ஈரல்ல கோளாறுன்னா வேற எதுலலே வரும்? சாவியக் கொடு."

"மொதலாளி, எம் பிள்ளைக மேல சத்தியமாச் சொல்லுதேன்..."

"அவனுந்தான் சத்தியம் பண்ணுனான். குடிக்கலேன்னு ஒரு டாக்டர் கைப்பட எழுதித் தரட்டும். அன்னைக்கே சாவி தாரேன்."

பன்னிரண்டு வருஷமாக மதுரை ரோட்டில் ஒரு கோழியைக்கூட அடிக்காத டிரைவர் அவன். அன்று சாயங்காலம் அவன் புலம்பிக்கொண்டிருந்தபோது, மனைவி சுந்தரம்மாள் பேச்சோடு பேச்சாக அவன் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள். முதலாளி சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், டாக்டர் பரிபூரணத்திடம் இன்னொரு ஸ்கேனுக்குப் படுத்தான். வயிற்றில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி, அந்தம்மா கருவியை அழுத்தி நகர்த்தினார். மூச்சை இழு என்றார், பிடி என்றார், விடு என்றார். பிறகு திரையைக் காட்டினார்.

"இது கிட்னி. ஈரலும் ஏறக்குறைய இதே நிறத்துலதான் தெரியணும். உங்களுக்குச் சுண்ணாம்படிச்ச சுவர் மாதிரி வெள்ளையா இருக்கு. அம்புட்டும் கொழுப்பு."

"எம்புட்டு டாக்டரம்மா? கிராமா, கிலோவா?"

"மெஷின் எடை போடாதுப்பா. கிட்னியைவிட எவ்வளவு வெளுப்புன்னு கண்ணால பாத்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுதுவோம். உங்களுக்கு ரெண்டு."

முத்துவீரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீசலைக்கூட டேங்கில் குச்சி விட்டு அளந்து பார்க்கிற முதலாளி, ஒருவனுடைய பிழைப்பை மட்டும் கண்மதிப்பில் பறித்துக்கொள்வாரா?

"குடிச்சதால வந்த கொழுப்புன்னு அதுல தெரியுதா?"

"கொழுப்பு இருக்கறது மட்டுந்தான் தெரியும். எதனாலங்கறதை நீங்கதான் சொல்லணும். குடிக்காதவங்களுக்கும் வரும். என்னென்ன சாப்பிடுவீங்க?"

சொன்னான். இட்லி, சோறு, வாரத்துக்கு ஒருநாள் கறி. அதுவரை எழுதிக்கொண்டே வந்த டாக்டர், அடுத்ததைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பால்கோவாவா? தினமுமா?"

"மதுரைக்குப் போகையில இந்த ஊருல கால் கிலோ, திரும்பி வரையில கால் கிலோ. எட்டு வருசமா. சுடச்சுட ஸ்டியரிங்குல உக்காந்தே தின்னுருவேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். அவனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. "அதை அப்படியே எழுதுங்கம்மா, தமிழ்லயே எழுதுங்க. மொதலாளி வாயால படிக்கணும்" என்றான். அந்தம்மாவும் ஒன்று விடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் காகிதத்தை அவன் ஏழெட்டுத் தடவை படித்தான்.

ஐயாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "இவருக்குக் குடிப்பழக்கம் இல்லை." அவர் முகம் இளகியது. சாவிக்காக மேஜை டிராயரை இழுத்தார். இழுத்த கையோடு அடுத்த வரியையும் படித்தார்.

"ஏலே, தெனமும் அரைக் கிலோ பால்கோவாவா? உனக்கு எவன்லே வாங்கித் தாரான்?"

"வாங்கவா? கடைக்காரர் சும்மா கொடுப்பாக மொதலாளி! அவிய கடை வாசல்ல வண்டிய நிறுத்தி, சனங்க இறங்கி வாங்கி, செத்த நேரம் யாவாரம் நடந்தா..."

முத்துவீரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிரயோசனமில்லை, எல்லாம் வெளியே வந்தாயிற்று.

"வண்டி லேட்டானா ரயில்வே கேட்டு அடைச்சிருச்சு, அடைச்சிருச்சுன்னு எட்டு வருசமாச் சொன்னியே, இதுக்குத்தானாலே? நீ அங்க தின்னுக்கிட்டு இருக்கையில, பின்னால வந்த பஸ்காரன் முந்திப் போயி கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்புல நின்ன கூட்டத்தப் பூராம் ஏத்திக்கிட்டான். வண்டி ஏன் காலியா ஓடுதுன்னு நான் சோசியம் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்!" ஐயாதுரை காகிதத்தை அவனிடமே நீட்டினார். "அந்தக் குடிகாரப் பய ஒரு நாளுதான் கவுத்தான். நீ தெனமும் ரெண்டு தடவ கவுத்திருக்க."

டிராயர் மூடிக்கொண்டது.

சுந்தரம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள். அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"குடிக்கலேன்னு நிரூபிச்சாச்சா?"

"நிரூபிச்சாச்சு," என்றான் முத்துவீரன். "அதனாலதான் வேல போச்சு."