ஆள் இருக்கும் வீடு

…சட்டையைக் கொடியில் போட்டாயிற்று, செருப்பையும் படியோரம் விட்டாயிற்று, ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் கோணலாக, அப்படி விட்டால்தான் ஆம்பளை ஒருத்தர் இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி இருக்கும், இரண்டையும் ஒட்டி வைத்தால் கடையில் விற்கிற செருப்பு மாதிரி இருக்கிறது, அவள் புருஷன் தங்கவேல் எந்தக் காலத்தில் செருப்பை ஒழுங்காகக் கழற்றியிருக்கிறார், உயிரோடு இருந்தவரைக்கும் அதை நேராக வைக்கச் சொல்லியே அவள் தொண்டை வறண்டது, இப்போது அவளே அதைக் கோணலாக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இனி டிவி. டிவியைப் போட வேண்டும், வராந்தா லைட்டைப் போட வேண்டும், கேட்டைப் பூட்ட வேண்டும், கிளம்ப வேண்டும். சொர்ணம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருக்கக் கூடாது. விடிந்ததும் திருமழிசையிலிருந்து அகல்யா போன் செய்தாள், அக்காவின் மருமகள், நல்ல பெண், அழுதுகொண்டே பேசினாள். "சின்னத்தே, இனிமே ஊட்டுக்கு இட்டுகினு போயிடுங்கன்னு ஆஸ்பத்திரில சொல்ட்டாங்க. நேத்தே இட்டாந்துட்டோம். கண்ணு தொறக்கறப்பல்லாம் அத்தை உங்களத்தான் கேக்குது. இன்னிக்காவது வந்துடுங்க." இன்னிக்காவது. அந்த ஒரு சொல் காலையிலிருந்து காதுக்குள்ளேயே நின்றது. அந்தப் பெண் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள், அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

போன வாரமே போயிருக்க வேண்டியது. புடவைகூட மாற்றிவிட்டாள், பின்பக்கம் துணி எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, தண்ணி மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டும் அறுந்த பைப்பும் நின்றன. அப்புறம் எங்கே போவது? யாரைச் சொல்வது? பெரிய திருடனாக இருந்தால் போலீசுக்குப் போகலாம், பேப்பரில்கூட வரும். இவர்கள் திருடர்களா என்றே தெரியவில்லை, போகிற போக்கில் கை நீட்டுகிறவர்கள், கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறவர்கள். முதலில் தோட்டத்துப் பித்தளைக் குழாய் போயிற்று, பிளாஸ்டிக் குழாய் மாட்டினாள். தொட்டியின் இரும்பு மூடி போயிற்று, கடப்பாக்கல்லைப் போட்டு மூடினாள். வாழைத்தாருக்குப் பழைய புடவையைச் சுற்றிக் கட்டி வைத்தாள், வெயிலுக்கு என்று கேட்டவர்களிடம் சொன்னாள், ஒருநாள் தாரும் இல்லை புடவையும் இல்லை. அது நல்ல புடவைதான், கட்டிக்கொள்ளக் கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்… யார் கட்டிக்கொண்டிருக்கிறாளோ. மகன் வெற்றிச்செல்வன் ஓசூரிலிருந்து வந்தபோது ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனான், பொம்மை கேமரா, ஒன்றும் படம் பிடிக்காது, சும்மா சிவப்பு லைட் மட்டும் விட்டு விட்டு எரியும், பார்த்தாலே பயந்துவிடுவார்கள் அம்மா என்றான். ஒரு மாசம் எரிந்தது. அப்புறம் அந்தக் கேமராவையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவனிடம் சொன்னபோது போனில் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்ததும் அலுப்பாக இருந்தது.

பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புது ஃபிளாட்டில் குடியிருக்கிற பெண், கம்ப்யூட்டர் வேலையாம், வாக்கிங் வருகிற பெண், காம்பவுண்டுக்கு மேலே கையை விட்டு நந்தியாவட்டையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தது, யாரும்மா அது என்றதற்குத் திரும்பி நிதானமாகச் சொன்னது, "சாமிக்குத்தான் ஆன்ட்டி." அதற்கு என்ன பதில் சொல்வது? என் வீட்டிலும் சாமி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. சரி பறிச்சிக்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள், வந்ததும் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இப்படித்தான், நேரில் நிற்கும்போது வாய் வருவதில்லை, அடுப்படிக்கு வந்தபிறகு எல்லாம் வருகிறது. முருங்கையா, கறிவேப்பிலையா, எதையும் கேட்டால் கொடுத்துவிடுவாள், கேட்காமல் எடுத்தால்தான் வயிறு எரிகிறது, ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக இப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருக்கிறது. மதியம் கண்ணயர்ந்தால் கேட் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் பூனை. குளிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டே குளிக்கிறாள். அவள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாளா, வீடு அவளைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறதா… எழுந்திரு சொர்ணம், நேரமாகிறது, அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அக்கா சரசா. இந்த வீட்டுக்குக் கதவு வைப்பதற்கு முன்னாலேயே காவல் இருந்தவள் அவள்தான். கோவில்பதாகையில் அப்போது அங்கொரு வீடு இங்கொரு வீடு, மீதியெல்லாம் முள்ளும் ஏரித்தண்ணியும், தங்கவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போய்விடுவார், வெற்றி கைக்குழந்தை, சிமெண்ட் மூட்டையும் கம்பியும் ராத்திரிக்கு ராத்திரி குறைந்துகொண்டே வந்தது. அக்காவிடம் இதைச் சொல்லக்கூட இல்லை, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, நாற்று நடுகிற வேலையை விட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். சுவர் மட்டும் நின்ற அந்த அறையில், கம்பிக் கட்டு மேலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். முதுகு நோகலையா அக்கா என்று கேட்டால், வயல் வரப்பில் படுத்த முதுகுதானே என்றாள். பகலெல்லாம் சுவருக்குத் தண்ணி ஊற்றினாள். தளம் போட்டுக் கதவு மாட்டின அன்றைக்குத்தான் திருமழிசைக்குத் திரும்பிப் போனாள், போகும்போது ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடித்தாள், வேறொன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள் எத்தனை முறை போனாள்? ஒரே முறை, அதுவும் அரைமணி நேரம், கட்டில் பக்கத்தில் உட்காரும்போதே தொட்டி மேல் கல்லை நகர்த்தி வைத்தோமா என்று நினைப்பு. அக்காவின் கையைப் பிடித்திருந்தாள், மனசு இங்கே இருந்தது. நினைத்தால் சீ என்று இருக்கிறது.

டிவியைப் போட்டாள். ஏதோ சீரியல், ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தது, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள், வாசல்வரை கேட்டால்தான் பிரயோஜனம். வராந்தா லைட்டைப் போட்டாள், பட்டப்பகலில் லைட், கரண்ட் பில்லை நினைக்கக் கூடாது. கேட்டுக்கு வெளியே வந்து, கம்பிக்குள் கையை விட்டுப் பூட்டை உள்பக்கமாகத் தொங்கவிட்டாள், அப்படிச் செய்தால் உள்ளேயிருந்து பூட்டிய மாதிரி தெரியும், மணிக்கட்டு கம்பியில் சிராய்த்தது, எப்போதும் சிராய்க்கிறது. அப்புறம் கடைசி வேலை, அதைச் செய்யாமல் போக மனம் வராது. தெருவில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "இன்னாங்க, கதவ சாத்திக்குங்க. நான் தோ வந்துடறேன்." உள்ளேயிருந்து சீரியல் பெண் அழுதது.

எதிர் வீட்டு ஞானம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாமே, அக்காவ பாக்க கெளம்பிட்டியா?" என்றாள். இவளிடம் ஒன்றும் சொல்லவில்லையே, வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தாள், ஒருத்தரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. உனுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். ஞானம்மாள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரு சொல்லணும்? அதான் உங்க ஊட்ல டிவி ஓடுதே. டிவி ஓடுச்சுன்னா நீ ஊட்ல இல்லன்னு அர்த்தம். தங்கவேலு சட்டை வேற தொங்குது. நீ அவர கூப்ட்டு கதவ சாத்திக்க சொன்னா, கொயந்த கூட சொல்லும், சொர்ணம் வெளிய போவுதுன்னு." கிண்டலாகச் சொல்லவில்லை, வெயில் ஏறிவிட்டது என்பதைப் போலச் சொன்னாள். ஞானம்மாள் தலையைத் தூக்கிச் சொர்ணத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ இருக்க சொல்லோ உங்க ஊட்ல ஒரு சத்தம் வராதுமே. லைட்டு கூட போட மாட்ட. அத வச்சி சொன்னேன். நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்."

அப்படியா இருக்கிறோம்… சொர்ணம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். லைட் எரிந்தது, டிவி சத்தம் வந்தது, கொடியில் ஆம்பளைச் சட்டை காற்றில் ஆடிற்று, வாசலில் செருப்பு கிடந்தது, யாரோ நான்கு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற வீடு மாதிரி இருந்தது. அவள் இல்லாதபோதுதான் வீடு இப்படி இருக்கிறது. அவள் இருக்கும்போது? யோசித்துப் பார்த்தாள். டிவி போடுவதில்லை, போட்டால் கேட் சத்தம் கேட்காது. லைட் போடுவதில்லை, வெளிச்சத்தில் உட்கார்ந்தால் இருட்டில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். செருப்பை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வாள், திருடு போகுமே என்று. யாரோடும் பேசுவதில்லை, யார் இருக்கிறார்கள் பேச. அப்படியென்றால் மோட்டார் எடுக்க வந்தவன் இந்த வீட்டைப் பூட்டின வீடு என்று நினைத்துத்தான் வந்தானா, அவள் உள்ளே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோதா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். டிவியை அணைத்தாள். லைட்டை அணைத்தாள். சட்டையை எடுத்து மடித்தாள், பல நாள் வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருந்தது, ஒரு நிமிஷம் முகத்தருகே கொண்டுபோனாள், சோப்பு வாசனைதான் வந்தது, வேறென்ன வரும். செருப்பை உள்ளே வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். இப்போது வீடு இருட்டாக, சத்தமில்லாமல், அவள் இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே ஆகிவிட்டது. இனி பார்க்கிறவர்கள் சொர்ணம் உள்ளேதான் இருக்கிறாள் என்று நினைப்பார்கள். இந்த முறை உரக்க எதுவும் சொல்லவில்லை. சத்தம் போடாமல் கேட்டைச் சாத்தி, முன்போலவே உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, ஞானம்மாளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள், யார் வீட்டிலிருந்தோ நழுவிப் போகிறவள் மாதிரி.

ஆவடியில் பூந்தமல்லி பஸ் கிடைத்தது, ஜன்னலோரமாக இடமும் கிடைத்தது, இப்படி அமைவது அபூர்வம். பருத்திப்பட்டு ஏரி போயிற்று, காடுவெட்டிப் பாலம் போயிற்று. வழக்கமாக இந்த இடத்துக்கு வரும்போது கேஸை அணைத்தோமா, பின்கதவுத் தாழ்ப்பாள், தொட்டிக் கல் என்று ஒவ்வொன்றாக வரும், இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டை நினைத்தால் அந்த இருட்டு ஹாலில் நாற்காலி நுனியில் அவளே உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது, அவள் பார்த்துக்கொள்வாள், இருக்கட்டும். அப்படி நினைத்ததும் உடம்பு தளர்ந்து தூக்கம் வந்தது, எத்தனை நாள் தூக்கமோ. கரையான்சாவடி நெரிசலில் பஸ் நின்றபோது போன் அடித்தது. அகல்யா. "சின்னத்தே, எங்க வந்துகினு கீறீங்க? அத்தை நல்லா முழிச்சிகீது. காதுல வைக்கறேன், ரெண்டு வார்த்த பேசுங்க." அப்புறம் மூச்சுச் சத்தம். நீளமான, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. அக்கா என்றாள். இரண்டு முறை சொன்னாள், ஹாரன் சத்தத்துக்கு நடுவே மூன்றாவது முறையும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் குரல் வந்தது, நடவு வயலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிடுகிற குரல், நூலாகிவிட்டிருந்தது. "சொர்ணோ… ஊட்ல… யாரு கீறா?"

"நான் கீறேன்க்கா" என்றாள் சொர்ணம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இல்லைக்கா, பஸ்ஸில் வருகிறேன், கரையான்சாவடி வந்துவிட்டேன், இதோ இன்னும் கொஞ்ச நேரம், எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது, இப்போதும் நேரத்துக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கம் மூச்சு ஒருமுறை இழுத்தது, விட்டது. "ம்… சரி" என்றாள் அக்கா. "பாத்துக்கோ." போன் நின்றுவிட்டது. அக்காவின் குரலில் கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை, ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி இல்லை, மருமகள் பக்கத்திலேயே நின்று வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருப்பாளே, அதையும் தாண்டி, தங்கை வீட்டில்தான் இருப்பாள், வேறெங்கே இருப்பாள் என்று உடனே நம்பிவிட்டாள். சொர்ணம் அந்த நம்பரைத் திரும்ப அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். பஸ் இன்னும் நகரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.