வலது பக்கத்து மஞ்சள் விளக்கு

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரனிடம் ஒரு மூக்கு லாரி இருக்கிறது. முகப்பு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து வண்டி. கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகள் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வாடகைக்கு விடுகிறார். ஓட்டை வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அவர் காதில் ஏறாது.

பின்னால் அதற்கு ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் இருந்தது. திரும்புவதற்குக் கையை வெளியே நீட்ட வேண்டும். இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் இல்லாமல் வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி. சான்றிதழ் தரமாட்டார்கள் என்று தானே வயரிங் செய்ய உட்கார்ந்தார். எலக்ட்ரீசியனிடம் விடலாம் என்றேன். செல்போனில் வீடியோ பார்த்துவிட்ட மனிதருக்கு எலக்ட்ரீசியன் எதற்கு? வீடு கட்டியபோது மிஞ்சிய கறுப்பு வயர் ஒரு சுருள் கிடந்தது. எல்லா விளக்குக்கும் அந்தக் கறுப்பையே இழுத்தார்.

முடித்ததும் பக்கத்து வீட்டு அண்ணனை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். இவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டு எரியுதா என்று கேட்க, அவர் எரியுது எரியுது என்றார். எங்கள் பக்கம் எல்லா வண்டியையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

மறுநாள் வத்தல்மலையில் போட்டோ வேலை. நானும் கூடப் போனேன். எங்கள் மகள் ஐஸ்வர்யா ஒன்பதாவது படிக்கிறாள். டீசல் வாடை ஆகாது என்று லாரியில் ஏறமாட்டாள். என் தம்பி ரஞ்சித்குமாரின் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். தம்பி நாலைந்து வருஷம் வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவன்.

வேலை முடிந்து இறங்கும்போது மழை விட்டிருந்தது. பொழுது சாயவில்லை, ஆனால் மேகம் ரோட்டில் படுத்துக்கிடந்தது. ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. இறங்கும்போது அப்படி முடியாது. அந்த வண்டிக்கு ஒரே மிதியில் பிரேக் பிடிக்காது. மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும்.

கேபினுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக ஸ்கூட்டரின் வெளிச்சம் தெரிந்தது. முதல் வளைவில் இவர் வேகம் குறைத்தபோது அந்த வெளிச்சம் வலது பக்கமாக விலகி வெளியே வந்தது. பிறகு பின்வாங்கியது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. இந்தப் பையனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா, வளைவில் போய் ஓவர்டேக் பண்ணப் பார்க்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. போன் போட்டேன். மலையில் டவர் இல்லை.

அடுத்த வளைவில் இவர் பிரேக்கில் காலை வைத்தார். பின்னால் மேகம் வலது பக்கம் மட்டும் மஞ்சளாக ஆனது. காலை எடுத்தார், அணைந்தது. மறுபடி வைத்தார், மறுபடி மஞ்சள். ஸ்விட்சைப் பார்த்தேன். இண்டிகேட்டர் போடவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிரேக்குக்குப் போக வேண்டிய வயரும் வலது இண்டிகேட்டருக்குப் போக வேண்டிய வயரும் மாறிக் கிடந்தன. எரியுது என்று சொன்ன அண்ணன் எது எரியுது என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. லாரிக்காரர்கள் முன்னால் ரோடு காலியாக இருந்தால் வலது இண்டிகேட்டரை மினுக்கித்தான் பின்னால் வருகிறவனுக்குச் சைடு கொடுப்பார்கள். இவர் ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும், வா, தாண்டிப் போ என்று என் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே பஸ் ஹாரன் கேட்டது. மேலே ஏறுகிற வண்டி. கொண்டை ஊசி வளைவில் அது ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டுதான் திரும்பும். நாங்கள் வளைவுக்கு முன்பே நின்றாக வேண்டும்.

"ஏங்க, பிரேக்க மிதிக்காதீங்க."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மலையில எறங்கறப்ப பிரேக்க வுட சொல்றியா?"

"பிரேக்க மிதிச்சா ரைட் இண்டிகேட்டர் எரியுது. நீங்க சைடு குடுக்கறீங்கன்னு தம்பி வெளிய வரான். பாப்பா பின்னால இருக்குது."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி விட்டால் போதுமென்று ஓடத் தொடங்கியது. கியரைக் குறைத்தார், இன்ஜின் அலறியது. கனத்த ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் ஹேண்ட் பிரேக்கை எட்ட அவரால் முடியவில்லை. நான் குனிந்து அந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. டேஷ்போர்டில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். வண்டி நிற்பதைக் காட்டப் பின்னால் இப்போது எந்த விளக்கும் எரியாது, தம்பி நேராக வந்து மோதினாலும் மோதுவான் என்பதும் தெரிந்தேதான் இழுத்தேன். மாரியாத்தா என்று மட்டும் வாயில் வந்தது, மேற்கொண்டு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை.

வண்டி உதறிக்கொண்டு நின்றது. பஸ் வளைவிலிருந்து வெளியே வந்து இவர் பக்கக் கதவை உரசுகிற மாதிரி மேலே போனது. வலது பக்கம் ஒரு கோழி நிற்கக்கூட இடமில்லை.

கண்ணாடியில் ஸ்கூட்டர் வெளிச்சத்தைக் காணோம்.

கதவைத் திறந்து குதித்து ஓடினேன். கால் செருப்பு எங்கே போனதோ தெரியாது. லாரியின் பின்பலகைக்குக் கீழே ஸ்கூட்டரின் முன்சக்கரம் நுழைந்து நின்றிருந்தது. விளக்கு உடைந்திருந்தது. தம்பி இரண்டு காலையும் ஊன்றி ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஐஸ்வர்யா பின்சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தாள். நான் அவள் தலை, கை, முட்டி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன்.

அவளுக்கோ தம்பி மேல்தான் கோபம்.

"அப்பா சைடு குடுத்துக்கிட்டே வராரு, மாமா போகவே மாட்டேங்குதும்மா. வெளிய வரதும் பின்னால போறதுமா இருக்குது. நான்தான் போ மாமா, போ மாமான்னு சொல்லிக்கிட்டே வரேன். முன்னால வண்டி வருதான்னு அப்பா பாக்காமயா சைடு குடுப்பாரு?"

இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்து, சொல்லுங்கப்பா என்றாள். இவர் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈர ரோட்டில் உட்கார்ந்தார்.

"நான் பாக்கலம்மா" என்றார்.