ஒன்பது நாள் நகராத நாலு மணி

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டிக்கொள்ளலாம், சாய்ந்துகொள்ளலாம், நடுவில் கண் சொக்கினாலும் கதை கோபித்துக்கொள்ளாது. ஒரு தையல்காரர் வீட்டில் சாயங்காலம் நாலு மணி ஒன்பது நாள் அப்படியே நின்றுவிட்டது. அது ஏன் நின்றது, எப்படி நகர்ந்தது என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

முன்னறையில் கடை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. தையல்காரருக்கு மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். மகன்கள் இரண்டு பேர். பெரியவன் கால்சட்டை தைப்பான், சின்னவன் சட்டை. மூத்த மருமகள் துணி வெட்டுவாள். இளைய மருமகள் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பாள். ஒரு நாளைக்கு நூறு பொத்தான் அவள் விரல் வழியாகப் போகும். அப்படிப்பட்டவளுக்கு, ஊசி நர்ஸ் கையில் இருந்தால் மட்டும் உதடு வெளுத்துக் காது அடைத்துவிடும். கேலி செய்தால், "துணிக்குள்ள போற ஊசி வேற, எனக்குள்ள போற ஊசி வேற" என்பாள்.

அந்தக் கடையில் அளவுச் சட்டை வைத்துத்தான் தைப்பார்கள். ஆள் வர வேண்டியதில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டையைக் கொடுத்தனுப்பினால் போதும். சொந்த மகன்களுக்கே தையல்காரர் பெரியவனை மட்டும் அளந்து இரண்டு பேருக்கும் வெட்டுவார், இரண்டும் கச்சிதமாக இருக்கும். ஆனால் அளவு தவறினால் மனிதர் பொறுக்க மாட்டார். அரை அங்குலம் குறைத்து வெட்டிய மச்சினனோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தார். எட்டாவது வருஷம் பேசியதும் அந்த அரை அங்குலத்தைப் பற்றித்தான்.

மருமகள்கள் இருவரும் ஒரே சமயத்தில் உண்டானார்கள். மூத்தவளுக்கு அது இரண்டாவது, இளையவளுக்கு முதல். ஆஸ்பத்திரியில் ரத்தம் என்ன வகை என்று பரிசோதிக்க இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வரிசையில் நின்றபோது இளையவள் கை ஜில்லிட்டுப் போய், சீட்டை ஓரகத்தி கையில் திணித்தாள்.

"அக்கா, என்னால ஆகாதுக்கா. எனக்கும் சேர்த்து நீயே குடுத்துடு."

"அடியே, ரத்தம் எப்படிடி உனக்கும் சேர்த்துக் குடுக்கிறது?"

"ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி. மாமா ஒருத்தரை அளந்துட்டு ரெண்டு பேருக்குத் தைக்கலையா? நீ என் அளவுச் சட்டைன்னு வச்சுக்கோ."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் வினை. முதலில் வலது கையைக் கொடுத்தாள். வெளியே போய்த் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து இளையவள் சீட்டுக்கு இடது கையை நீட்டினாள். லேப்காரர் முகம் பார்க்கிற ஆள் இல்லை, நரம்பு மட்டும்தான் பார்ப்பார். இரண்டு அட்டையிலும் பாசிட்டிவ் என்று எழுதி வந்தது. மாமாவுக்குத் தெரியக் கூடாது என்று இளையவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூத்தவளுக்கு முதலில் பிரசவம் ஆனது. ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு, இளையவளுக்குப் பெண் பிறந்தது; வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. துணைக்கு நின்ற மூத்தவள் மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டிலில் நர்ஸ் பேசியதைக் கேட்டாள். "உன் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ்மா, உன் பிள்ளைக்குப் பாசிட்டிவ். பிரசவத்துல பிள்ளை ரத்தம் துளி உன் ரத்தத்துல கலந்திருக்கும். உன் உடம்பு அதை வேத்தாளுன்னு நெனச்சு அடிக்கக் கத்துக்கும். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்ததைத்தான் வயித்துக்குள்ளயே அடிக்கும். கத்துக்கறதுக்குள்ள, மூணு நாளுக்குள்ள, ஒரு ஊசி போட்டா முடிஞ்சுது."

இளையவள் அட்டையில் எழுதியிருந்தது மூத்தவளின் ரத்தம். இளையவள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: அவள் அம்மாவுக்கு முதலில் ஒரு மகன், அதற்குப் பிறகு பிறந்தவர்களில் இவள் ஒருத்திதான் தங்கினாள், மற்ற இரண்டும் மஞ்சளாகப் பிறந்து இரண்டே நாளில் போய்விட்டன. மூத்தவள் சொல்ல வாயைத் திறந்தாள். மாமா மச்சினனோடு பேசாத அந்த ஏழு வருஷம் கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அன்று மாலையே பிள்ளையும் தாயுமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் நாலு மணிக்கு, ஊசிக்கான கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, அந்த வீட்டில் பொழுது நின்றது. மேற்கு ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தையல் மிஷின் கால் பலகை மேல் கிடந்தது கிடந்தபடி இருந்தது. தெருவில் விளக்குப் போட்டார்கள், அணைத்தார்கள், விடிந்தது. வீட்டுக்குள் நாலு மணி. அடுப்பில் வைத்த பால் திரியவில்லை. கைக்குழந்தைகள் இரண்டும் நாலு மணிக்கு எவ்வளவு பசிக்குமோ அவ்வளவு பசியோடே இருந்தன. அக்கம்பக்கத்தார் ஓரிரு நாள் வியந்தார்கள், பிறகு ஈரத் துணிகளைக் கொண்டுவந்து அந்த வீட்டில் காயப் போட்டார்கள். தையல்காரர் வெளிச்சம் வீணாகக் கூடாது என்று பாக்கி இருந்த சட்டை எல்லாவற்றையும் தைத்து முடித்து, திரைச்சீலைக்குப் போய்விட்டார். மகன்கள் வெளியே போனால் அன்றைய தேதிக்குப் போவார்கள், உள்ளே வந்தால் நாலு மணிக்கு வருவார்கள். பிள்ளை பெற்றவள் மட்டும் வாசல் தாண்டவில்லை. மூத்தவள் துணி வெட்டிக்கொண்டே இருந்தாள். எதை வெட்டினாலும் அரை அங்குலம் தவறியது.

ஒன்பது நாள் ஆனபோது, வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸ் வந்தார். தெருவில் காலை பத்து மணி. வாசல்படி ஏறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறிப் பார்த்தார். பையை மேஜை மேல் வைத்தார்.

"முப்பது வருஷமா வீடு வீடா ஏறி இறங்கறேன். பொழுது சும்மா நிக்காது. யாரோ எதையோ வாயில அடக்கி வச்சிருக்கீங்க. துப்புங்க."

மூத்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இளையவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். எல்லோரும் தையல்காரர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"ஆள் வேணாம், அளவுச் சட்டை போதும்னு இந்த வீட்டுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்" என்றார். "தப்பு என் கணக்குல. சிஸ்டர், இப்போ என்ன செய்யணும்?"

"இவளை வெளிய கூட்டிட்டுப் போனா பன்னெண்டாம் நாள் ஆயிடும். உள்ளேயே இருந்தா இன்னும் மூணாம் நாள்தான். இவ ரத்தத்தை இங்கேயே எடுத்துட்டு நான் போய்ட்டு வரேன், நீங்க நாலு மணியைப் பத்திரமா வச்சிருங்க."

இளையவள் கையை நீட்டினாள். நாற்காலியில் அவளைப் பின்னாலிருந்து மூத்தவள் கட்டிக்கொண்டாள். "அக்கா, இதையும் நீயே குடுத்துடேன்" என்றாள் இளையவள். "உதை வாங்குவே" என்றாள் மூத்தவள். இருவரும் அழுதபடியே சிரித்ததில் ரத்தம் எடுத்து முடிந்தது. குழந்தைக்கும் குதிகாலில் ஒரு துளி எடுத்துக்கொண்டு நர்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஐஸ் பெட்டியோடு திரும்பியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. தாய்க்கு நெகட்டிவ், பிள்ளைக்குப் பாசிட்டிவ். "ஆனா உன் ரத்தம் இன்னும் பகைக்கக் கத்துக்கலைடி பொண்ணே. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் மருந்து எடுத்துட்டு வந்தேன்."

ஊசி போட்டபோது இளையவள் கண்ணை மூடவில்லை. அந்தச் சின்னக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எதிலிருந்து செய்கிறார்கள் என்று கேட்டாள். ரத்தத்திலிருந்துதான் என்றார் நர்ஸ். பகைக்கக் கற்றுக்கொண்ட ரத்தம் உள்ளவர்கள் சில பேர் இருக்கிறார்கள். அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களும் உண்டு. யாருக்குப் போகிறது என்று தெரியாமலே அவர்கள் வந்து கை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளையின் ரத்தம் தாயிடம் கலந்திருந்தால், தாயின் உடம்பு பார்ப்பதற்குள் இந்த மருந்து அதைத் துடைத்துவிடும். இளையவள் தன் அம்மாவை நினைத்தாள். "அவங்க பேரு தெரியுமா சிஸ்டர்?" "தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

கால் பலகையில் கிடந்த வெயில் அப்போது ஒரு விரல் நகர்ந்தது. நாலு மணி ஒரு நிமிஷம். துணி காயப் போட்டிருந்தவர்கள் அவசரமாக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு இளையவளுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் தானே போய், தன் சொந்தக் கையை நீட்டி, ஏழாம் மாதத்தில் ஒரு ஊசியும் பிரசவமானதும் ஒரு ஊசியும் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் மயங்கி விழுந்து எழுந்தாள். பிள்ளைகள் இரண்டும் எட்டி உதைத்துக்கொண்டு பிறந்தன. மூத்தவள் வருஷத்துக்கு மூன்று முறை ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறாள், வலது கையில் மட்டும். அந்தக் கடையில் தைக்கிற சட்டைக்கெல்லாம் இடுப்போரத்தில், உள்பக்கமாக, ஒரு பொத்தான் அதிகம் இருக்கும். அறுந்தால் மாற்றிக்கொள்ளத்தான் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். இளையவள் வைக்கிற நன்றி அது. பேர் தெரியாத அந்த மனிதர்களில் யாராவது ஒருவர் அந்தச் சட்டையைப் போடாமலா போவார்?

அந்த வீடு இன்றைக்கும் தெருவுக்கு ஒன்பது நாள் பின்னால்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள் தேதியைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். பேப்பர்காரர் பழைய பேப்பரை எடுத்துவைத்துப் போடுகிறார். அவர்களுக்கு அது அன்றைய செய்தி. ஊரில் யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசுவதில்லை.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைகள் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதுகொண்டு வரட்டும். பெற்றவள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று கேட்கட்டும். முகம் தெரியாத யாரோ நீட்டிய கை உங்கள் வாசலுக்கும் வேளையோடு வந்து சேரட்டும். நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க.